வில்லின் மெருகு

வில் என்றவுடன் அதன் வளைவையும் நாணையும் எண்ணுகிறோம்; மேனியை எண்ணுவதில்லை. முதலாம் எலிசபெத் அரசியின் இளமைக்கால ஆசிரியராக விளங்கிய ரோஜர் ஆஸ்கம், 1545ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டாக்சோபிலஸ்' என்னும் வில்வித்தை நூலில் அதனை எண்ணிப் பார்த்தார். மெழுகிட்ட துணியால் வில்லை நாள்தோறும் தேய்த்து மின்னச் செய்தால், ஈரம் புகாத கடினமான படலம் அதன்மேல் உண்டாகும் என்பது அவர் கருத்து. அதே ஆண்டில் கடலில் மூழ்கிய 'மேரி ரோஸ்' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவிற்கள் மீட்கப்பட்டுள்ளன. அவர் காலத்து வில் எத்தகையது என்பதற்கு அவையே சான்றாகும்.

மெருகு எதற்கு? வில்லை வளைக்கும்போது இலக்கை நோக்கிய முதுகுப்புறம் இழுபடுகிறது. நம்மை நோக்கிய வயிற்றுப்புறம் அழுந்துகிறது. முதுகில் மரநாருக்குக் குறுக்கே விழுந்த சிறு கீறலும் முறிவுக்குத் தொடக்கமாகலாம். ஈரத்தை உறிஞ்சிய மரத்தில் விசை தளரும். ஆதலின் மெருகு அணி மட்டுமன்று, காப்புமாகும்.

வில்லின் இரு கைகளும் சீராக வளைகின்றன என உறுதி செய்த பின்னரே இப்பணியைத் தொடங்க வேண்டும். 120ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 180, 220, 320, 400 என நார் ஓடும் போக்கிலேயே தேய்த்துச் செல்வோம். முந்தைய தாளின் கீறல் முற்றும் மறைந்த பிறகே அடுத்த தாளை எடுத்தல் நன்று. முதுகின் ஆண்டுவளையம் அறுபடாதவாறு அங்கே கை மென்மையாக இயங்க வேண்டும். இடையில் ஈரத்துணியால் துடைத்தால் அமுங்கிக் கிடந்த நார் முனைகள் எழும். உலர்ந்தபின் அவற்றைத் தேய்த்து நீக்கலாம்.

அடுத்தது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். சில துளிகளை இட்டு, உள்ளங்கையில் சூடு பிறக்கும்வரை தேய்த்து, மிகுதியை முற்றிலும் துடைத்துவிட வேண்டும். இவ்வெண்ணெய் நீரைப்போல் ஆவியாகி உலர்வதன்று. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி இறுகுவது. எனவே ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே ஒரு நாளேனும் பொறுத்திருத்தல் வேண்டும். தடித்துப் பூசினால் பிசுபிசுப்பே எஞ்சும். மெல்லிய பூச்சுகள் நான்கைந்து இட்டு, இறுதியில் தேன்மெழுகு தடவிக் கம்பளித் துணியால் தேய்த்தால் மெருகு நிறைவுறும்.

ஓர் எச்சரிக்கை: எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளிப்படும். கசக்கி எறிந்த எண்ணெய்த் துணி தானே தீப்பற்றக்கூடும். அதனைத் திறந்த வெளியில் விரித்து உலர்த்துதல் வேண்டும்.

மேடு பள்ளமான பரப்பு ஒளியைச் சிதறடிக்கும். சமமான பரப்பு அதனை ஒரே முகமாகத் திருப்பும். ஆகவே பளபளப்பின் பெரும்பங்கு எண்ணெய்க்கு முன்னர்ச் செய்த உழைப்பிலேயே உள்ளது. விரைந்து முடிக்க எண்ணியவர் வில்லில் எண்ணெய் பட்டவுடன், அதுவரை தெரியாத கீறல்கள் யாவும் தெளிவாகத் தெரியும். எண்ணெய் குறையை மறைப்பதில்லை; எடுத்துக்காட்டும். அப்போது வருந்திப் பயனில்லை. மீண்டும் உப்புத்தாளிடமே திரும்புதல் வேண்டும்.