உடலின் அடித்தளம்: தாய்மார்கள் அறிய வேண்டிய தசை

இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் சிறிது கசிகிறது. பளுவான பொருளைத் தூக்கும்போது அடிவயிறு கீழே இழுப்பதுபோல் தோன்றுகிறது. பிள்ளை பெற்ற தாய்மார் பலருக்கு இவ்வனுபவம் உண்டு. ஆயினும், இதனைக் கணவரிடமோ தாதியரிடமோ எடுத்துரைக்க நாணி, 'பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று தம்மைத் தாமே தேற்றிக்கொள்கின்றனர். இது விதியன்று. பெரும்பாலும் ஒரு தசையின் தளர்ச்சியே இதற்குக் காரணம். அத்தசையின் அமைப்பை அறிந்துகொண்டால், அதனை வலுப்படுத்தும் வழியும் விளங்கும்.

தூளி போன்ற தசை

இடுப்பெலும்புகள் இரண்டும், முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண எலும்பும், அதன் நுனியிலுள்ள வால் எலும்பும் சேர்ந்து ஒரு கிண்ணம்போல் அமைந்துள்ளன. ஆனால், இக்கிண்ணத்திற்கு எலும்பாலான அடிப்பாகம் கிடையாது. அத்திறப்பைத் தசையே மூடி நிற்கிறது. முன்புறம் அடிவயிற்றின் கீழ்க் கையால் தொட்டறியக்கூடிய எலும்பு முதல் பின்புறம் வால் எலும்பு வரை, குழந்தையைக் கிடத்தும் தூளியைப்போல் இது அமைந்திருக்கிறது. இதனை இடுப்புத் தளத் தசை என்பர். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் இத்தசை கீழிருந்து தாங்குகிறது. தசைநார்கள் மேலிருந்து பிடித்துக்கொள்கின்றன.

பெண்களுக்கு இத்தளத்தின் வழியே சிறுநீர்ப் பாதை, பிறப்புப் பாதை, மலப் பாதை என மூன்று பாதைகள் செல்கின்றன, ஆண்களுக்கு இரண்டே. இத்தசையின் ஒரு பகுதி மலக்குடலின் முடிவைப் பின்புறமாகச் சுற்றி, கவண் வாரைப்போல் முன்னோக்கி இழுத்து வளைத்து வைத்திருக்கிறது. மலம் அடங்கி நிற்க இவ்வளைவு துணைபுரிகிறது. மலம் கழிக்கையில் தசை தளர, வளைவு நிமிர்கிறது.

நாம் இருமும்போது வயிற்றினுள் அழுத்தம் மிகுகிறது. நலமான தசை, நாம் நினையாமலே உடனே இறுகிச் சிறுநீர்ப் பாதையை மூடுகிறது. தசை தளர்ந்திருப்பின் கசிவு ஏற்படுகிறது.

தளர்வது ஏன்?

பிரசவத்தின்போது இத்தசையின் உட்பகுதி தன் இயல்பான நீளத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீள நேரிடுகிறது. பல தாய்மாருக்கு அது நாளடைவில் தேறிவிடும், சிலருக்குத் தேறுவதில்லை. நீங்காத இருமல், மலச்சிக்கலால் முக்குதல், உடற்பருமன், மாதவிலக்கு நின்ற பின் வரும் முதுமை ஆகியனவும் தளர்ச்சிக்குக் காரணமாகும். உர மூட்டையையும் செம்பனைக் குலையையும் நாள்தோறும் தூக்குவோர் மேலும் கவனமாய் இருத்தல் வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்காமல், முதலில் இத்தசையை இறுக்கி, மூச்சை வெளியே விட்டவாறு தூக்குதல் நன்று.

பயிற்சி முறை

அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் என்பார் 1948ஆம் ஆண்டில் இத்தசைக்குரிய பயிற்சியைப் பற்றி எழுதினார். அது இன்றும் உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. சிறுநீரையும் வாயுவையும் ஒரே சமயத்தில் அடக்குவதுபோல் தசையை இறுக்கி மேலே உயர்த்துங்கள். சில விநாடிகள் நிறுத்தி, பின்னர் முற்றும் தளர்த்துங்கள். தொடையையோ பிட்டத்தையோ இறுக்கலாகாது, மூச்சையும் அடக்கலாகாது. ஒரு வேளைக்கு 8 முறை, நாளொன்றுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதங்கள் இதனைச் செய்துவர வேண்டும். தசையை அடையாளம் கண்டபின், சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பழகுதல் கூடாது.

கூச்சம் வேண்டா

பிறப்புப் பாதையில் ஏதோ உருண்டையாய் இறங்குவதுபோல் தோன்றினால், அது 'அடி இறக்கம்' ஆகலாம். வளையம் பொருத்தியும், தேவையாயின் அறுவைச் சிகிச்சை செய்தும் இதற்கு நிவாரணம் அளிக்க இயலும். சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, எரிச்சல் இருந்தாலோ, சிறுநீர் கழிக்க இயலாமற்போனாலோ, தாமதியாது மருத்துவரை நாடுங்கள்.

பிள்ளைப் பேற்றுக்குப் பின் பத்தியம் இருக்கிறோம், வயிற்றைக் கட்டுகிறோம், எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம். கண்ணுக்குத் தெரியாது நம்மைத் தாங்கும் இத்தசையையும் பேணுவோமாக. அடுத்த முறை அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குச் செல்லும்போது, தாதியிடம் வாய்திறந்து கேளுங்கள். அவர் கேளாத கேள்வியன்று அது.