பிரஷர் நார்மலாக இருந்தால் போதுமா?

எண்ணூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அடிபட்ட குழந்தையை ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டுபோவதா, நேராக எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கே போய்விடுவதா? கன்டெய்னர் லாரி நெரிசலில் எது தேவலை?"

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வாசல் நோக்கி லாரிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு அங்கே செல்லாது என்று தெரியும். ஆனால் அவர் கேள்விக்குப் பதில் குழந்தையின் ரத்தக்குழாய்களிலிருந்து தொடங்குகிறது.

ஆறு வயது, 20 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்குச் சுமார் 80 மில்லி வீதம் மொத்த ரத்தமே 1.6 லிட்டர்தான். பெரியவர் ஒருவர் தானம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகும் 350 மில்லி, இந்தக் குழந்தைக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் அவ்வளவு கசிந்தாலும் ரத்த அழுத்தம் அசைவதில்லை. ஏறக்குறைய 30 சதவீதம் போகும்வரை கருவி நார்மல் என்றே காட்டக்கூடும்.

வாரியக் குடியிருப்பின் மாடி டேங்கை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் இறங்குகிறது. ஒருவர் ஓடிப்போய் வீட்டுக்கு வீடு வால்வை மூடுகிறார். தோல் வீடு முதலில், அடுத்து குடல், பிறகு சிறுநீரகம். மூளைக்கும் இதயத்துக்கும் மட்டும் பழைய வேகத்திலேயே தண்ணீர் வருகிறது. அந்த இரண்டு வீட்டுக் குழாயை மட்டும் திறந்து பார்ப்பவர் டேங்க் நிறைந்திருக்கிறது என்றே சொல்வார். மோட்டாரோ, அதாவது குழந்தையின் இதயமோ, சின்னது. ஒரு தள்ளலுக்கு அதிகம் தள்ள அதனால் முடியாது. வேகமாக ஓட மட்டுமே முடியும். அதனால் நாடி நிமிடத்துக்கு 150-ஐத் தொடுகிறது. குழந்தையின் வால்வுகள் புதியவை, இறுக்கமாக மூடும். மூடிய வீடுகளில் கழிவு தேங்கி அமிலமாகிறது. கடைசியில் வால்வைப் பிடித்திருந்த கை சோர்ந்து, எல்லாம் ஒரேயடியாகத் திறந்துகொள்கிறது. அழுத்தம் சில நிமிடங்களில் சரிந்துவிடும்.

குழந்தை விஷயத்தில் தூரம் நம்மை ஏமாற்றுவது இங்கேதான். பெரியவர் படிப்படியாக மோசமாகி எச்சரிப்பார். குழந்தை கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டுத் திடீரென்று விழும். "அழாம சமர்த்தா படுத்திருக்கான்" என்று வீட்டார் சொல்லும் அந்த நேரமே பயப்பட வேண்டிய நேரம். நெஞ்சின் மேல் விரலை ஐந்து விநாடி அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். கைகால் சில்லிட்டு, நிறம் திரும்பத் தாமதமானால் வால்வுகள் மூடப்படுகின்றன என்று பொருள். அழுகையிலும் வலியிலும் நாடி ஏறும்தான். ஆகவே ஒருமுறை பார்த்தால் போதாது. குழந்தையைப் போர்த்தியும் வையுங்கள். உடல் குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது.

அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்தை 'கோல்டன் ஹவர்' என்று பேனர் வைக்கிறார்கள். பால்டிமோர் அறுவை மருத்துவர் ஆடம்ஸ் கவ்லி பரப்பிய சொல் அது. அறுபது நிமிடம் என்ற எல்லைக்கு ஆதாரம் தேடிய ஆய்வாளர்கள் 2001-ல் வெறுங்கையோடு திரும்பினார்கள். தமிழகத்தில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2021-ல் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்தின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. இரண்டும் பெரிய காரியங்கள். ஆனால் வண்டி வேகமாகப் போவது பாதி வேலைதான்.

மீதிப் பாதியை அமெரிக்காவில் 800-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வு காட்டியது. குழந்தைகளுக்குத் தயாராக இருந்த அவசரப் பிரிவுகளில் அடிபட்ட குழந்தைகளின் இறப்பு தெளிவாகக் குறைவு. ஆனாலும் ரத்தம் போகும் குழந்தைக்கு நேரமே முதல். அதனால் வாசகிக்கு என் பதில்: ரத்தம் நிற்கவில்லை, மூச்சு திணறுகிறது, மயக்கம் வருகிறது என்றால் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். எண்ணூரிலிருந்து வருபவர்களுக்கு எழும்பூருக்கு முன்பே ஸ்டான்லி வந்துவிடும். அறுவை அரங்கும் ரத்தமும் அங்கே உண்டு. அதைத் தாண்டிப் போகாதீர்கள். ரத்தப்போக்கை அடக்கிய பிறகு எழும்பூருக்கு மாற்றுவதை மருத்துவர்கள் முடிவு செய்யட்டும்.

அரசிடம் நான் கேட்பது ஹெலிகாப்டர் அல்ல. திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து அவசரப் பிரிவு ஒவ்வொன்றிலும் குழந்தை அளவு பிரஷர் பட்டையும் மூச்சுக்குழாயும், படுக்கையோரம் ஒரு அளவு நாடாவும் வேண்டும். குழந்தையின் நீளத்தை வைத்தே எடையையும் மருந்தளவையும் சொல்லும் நாடா அது. அமெரிக்கக் குழந்தைகளுக்காகச் செய்த அந்த நாடா, 10 கிலோவுக்கு மேற்பட்ட இந்தியக் குழந்தைகளின் எடையைக் கூட்டிக் காட்டுவதாக இங்கே நடந்த ஆய்வு சொல்கிறது. நம் பிள்ளைகளின் அளவுக்குத் திருத்தியே அதை ஒட்ட வேண்டும்.