ஜன்னல் துடைக்க நீட்டுக் கம்பு: பார்த்து வாங்குவோம், தோளைக் காப்போம்



நம் கூட்டமைப்பில் பல குழுக்கள் துப்புரவு வேலையை ஒப்பந்தமாக எடுத்துச் செய்து வருகின்றன. தரை கூட்டுவதும் துடைப்பதும் நமக்குப் புதுசு இல்லை. ஆனால் பத்தடி, பன்னிரண்டு அடி உயரத்தில் இருக்கிற கண்ணாடி ஜன்னலைத் துடைப்பது பலருக்குப் புதுசுதான்.

ஒரு குழு கல்யாண மண்டப வேலையை எடுத்தது. விலை குறைவாக இருக்கிறதே என்று மூன்று நீட்டுக் கம்பு வாங்கினார்கள். இரண்டே மாதத்தில் இரண்டு கம்பின் பூட்டு நிற்கவில்லை. இழுத்து நீட்டினால் உள்ளே இறங்கிவிடும். "இது என்ன தொல்லை" என்று ஒரு அக்கா பிளாஸ்டிக் நாற்காலி மேல ஏறித் துடைத்தார். ஈரத் தரையில் நாற்காலி சறுக்கியது. மணிக்கட்டில் எலும்பு விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆறு வாரமும் கூலி இல்லை, குழுவில் வாங்கிய கடனுக்குத் தவணையும் கட்ட முடியவில்லை. கம்பில் மிச்சம் பிடித்த காசு ஒரு வாரக் கூலிக்குக்கூட ஆகவில்லை.

அதனால்தான் ஒரு கம்புக்கு இவ்வளவு எழுதுகிறோம். பொறுமையாகப் படியுங்கள்.

எவ்வளவு நீளம் வேணும்?

முதலில் ஜன்னலின் உச்சி தரையிலிருந்து எத்தனை அடி என்று அளந்து பாருங்கள். அதில் 2 அடியைக் கழித்தால் வேண்டிய நீளம் வந்துவிடும். உச்சி 12 அடி என்றால் 10 அடிக் கம்பு போதும். கீழ்க்கை இடுப்பு உயரத்திலும் மேல்கை நெஞ்சு உயரத்திலும் இருக்க, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று துடைக்கலாம்.

கம்பை முழுசாக இழுத்து நீட்டக் கூடாது. உள்குழாய் வெளிக்குழாய்க்குள் முக்கால் அடியாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மூட்டில் வளையும், உடையும். அதனால் 10 அடி வேண்டும் என்றால் 11 அடி வரை நீளும் கம்பாக வாங்குங்கள்.

"எதுக்கும் இருக்கட்டும்" என்று 20 அடிக் கம்பு வாங்க வேண்டாம். சுருக்கினாலும் நீளமாக இருக்கும், பஸ்ஸில் ஏற்ற முடியாது. எடையும் கூடுதல். மூட்டு கூடக்கூட ஆட்டமும் கூடும். நம் வேலைக்கு ரெண்டு குழாய்க் கம்பே போதும்.

நுனி எடைதான் தோளைக் கெடுக்குது

தொரட்டிக் கம்பால் முருங்கைக்காய் பறித்தவர்களுக்கு இது தெரியும். கம்பு நேராக நிற்கும்போது கனமே தெரியாது. சாய்க்கச் சாய்க்கக் கனக்கும். காரணம் இதுதான். கம்பு படுத்த நிலையில் இருக்கிறது என்று வையுங்கள். முன்கையிலிருந்து நுனி 8 அடி தள்ளி இருக்கிறது. பின்கை 2 அடி பின்னால் இருக்கிறது. நுனியில் அரைக் கிலோ இருந்தால் பின்கை 2 கிலோ அழுத்தம் கொடுத்துத்தான் கம்பைத் தாங்க முடியும். கம்பின் சொந்த எடை இதில் சேர்க்கவில்லை.

ஆகவே நுனியில் மாட்டும் வைப்பரும் தேய்ப்புத் துணியும் லேசாக இருக்க வேண்டும். துணியைப் பிழிந்துவிட்டு மாட்டுங்கள். அரை லிட்டர் தண்ணீர் என்றால் அரைக் கிலோ எடை, மறக்க வேண்டாம்.

இரும்பா, அலுமினியமா, ஃபைபரா?

இரும்புக் குழாய்: விலை குறைவு, ஆனால் கனம். பெயின்ட் போனால் துருப்பிடிக்கும். அலுமினியம் என்று சொல்லி இரும்பைக் கொடுத்தால் கண்டுபிடிக்க, ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். ஒட்டினால் இரும்பு.

அலுமினியம்: அதே பருமனுள்ள இரும்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கு எடைதான். துருப்பிடிக்காது. ஆனால் தகடு மெல்லியதாக இருந்தால் நசுங்கும். ஒரு இடத்தில் நசுங்கினாலும் உள்குழாய் ஓடாது. விரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் வேண்டாம். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும்.

ஃபைபர் கிளாஸ்: காய்ந்து சுத்தமாக இருந்தால் மின்சாரம் பாயாது. பெரும்பாலும் அலுமினியத்தைவிடக் கொஞ்சம் கனம். வெயிலில் போட்டே வைத்தால் மேல்பூச்சு போய், நார் கையில் குத்தும்.

கார்பன் ஃபைபர்: மிக லேசு, வளையாது. ஆனால் விலை மிக அதிகம், மின்சாரத்தையும் கடத்தும். மூன்று நான்கு மாடிக்குத் துடைப்பவர்களுக்கு அது சரி. நமக்குத் தேவையில்லை.

கட்டிடத்துக்குப் பக்கத்தில் மின்கம்பி போனால், எந்தக் கம்பாக இருந்தாலும் 10 அடிக்குள் கொண்டு போகாதீர்கள். ஃபைபராக இருந்தாலும் ஈரமும் அழுக்கும் சேர்ந்தால் மின்சாரம் பாயும். அந்த ஜன்னலை வெளிப்பக்கம் துடைக்க மாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

1. பூட்டு. முறுக்கிப் பூட்டுவது, கிளிப் போட்டுப் பூட்டுவது, பொத்தான் அமுக்கிப் பூட்டுவது என்று வகைகள் உண்டு. முறுக்குப் பூட்டில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தேய்ந்தால் பிடிக்காது. ஈரக்கையால் முறுக்குவதும் கஷ்டம். கிளிப் பூட்டு தளர்ந்தால் திருகாணியை முடுக்கிக்கொள்ளலாம். அதனால் தினசரி வேலைக்குக் கிளிப் நல்லது.

2. அழுத்தம். கம்பை நீட்டிப் பூட்டி, தரையில் செங்குத்தாக ஊன்றி நன்றாக அழுத்துங்கள். இறங்கினால் வாங்காதீர்கள்.

3. வளைவு. முழு நீளத்தில் படுக்கை வாக்கில் பிடித்துப் பாருங்கள். நுனி ரொம்பத் தொங்கினால், வேலையில் வைப்பர் கண்ணாடியில் பதியாது. அழுத்தி அழுத்தியே தோள் போய்விடும்.

4. பிடி. கட்டை விரலும் நடுவிரலும் தொடுகிற அளவு பருமன் இருந்தால் கை சோராது. வரி வரியான ரப்பர் பிடி ஈரத்திலும் வழுக்காது. பஞ்சுப் பிடி சோப்புத் தண்ணீரைக் குடித்துச் சீக்கிரம் கிழியும்.

5. நுனி. உங்கள் வைப்பரைக் கையோடு கொண்டு போய் மாட்டிப் பாருங்கள். திருகு சேராவிட்டால் அப்புறம் கயிறு கட்டித்தான் ஓட்ட வேண்டும். மேலிருந்து வைப்பர் கழன்று விழுந்தால் ஆபத்து.

6. உதிரி. பூட்டும் அடிமூடியும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம்

உதாரணத்துக்கு, 600 ரூபாய்க் கம்பு மூன்று மாதம் உழைத்தால் மாதத்துக்கு 200 ரூபாய். 1,500 ரூபாய்க் கம்பு இரண்டு வருஷம் உழைத்தால் மாதத்துக்கு 62 ரூபாய் 50 காசு. எது மலிவு?

குழுப் பணத்தில் வாங்கினால் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்கி, பில்லோடு இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். அதைவிட, சாமான் செலவை வேலை கொடுப்பவரே ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தம் பேசும்போதே கேட்டு வாங்குவது நல்லது. ஊக்குநரும் பிரதிநிதிகளும் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

வேலை செய்யும்போது

நாற்காலி, ஸ்டூல், ஜன்னல் திண்டு எதன் மேலும் ஏறாதீர்கள். ஏறாமல் இருக்கத்தான் கம்பே. கையை மட்டும் ஆட்டாமல் காலை நகர்த்தி உடம்போடு துடையுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மேல்கை கீழ்கையை மாற்றுங்கள். அண்ணாந்தே நிற்காமல் கழுத்தைக் கொஞ்சம் இறக்கி ஓய்வு கொடுங்கள். உயர ஜன்னலை ஒரே ஆள் தலையில் கட்டாமல் முறை வைத்துச் செய்யுங்கள். தோள்வலி உள்ளவருக்குத் தரை வேலை கொடுங்கள்.

வேலை முடிந்ததும்

நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஆசிடும் பிளீச்சிங்கும் அலுமினியத்தை அரிக்கும். நீட்டிய நிலையில் நிழலில் சாய்த்து வைத்து, காய்ந்த பிறகு சுருக்குங்கள். குழாய்க்கு எண்ணெய் போடக் கூடாது, பூட்டு வழுக்கும்.

பூட்டு கெட்ட கம்பைப் பார்த்தால் அன்றைக்கே ஒதுக்குங்கள். "இன்னைக்கு ஒரு நாள் சமாளிப்போம்" என்றுதான் அந்த அக்காவும் நாற்காலியில் ஏறினார். இதை அடுத்த குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். உங்கள் குழுவில் இருக்கும் கம்பையும் கொண்டு வந்து, எல்லோர் முன்னாலும் ஊன்றி அழுத்திப் பாருங்கள்.