குவீன்ஸ்டவுன் மாறிய கதை

சிங்கப்பூரின் முதல் துணைக்கோள் நகரம் குவீன்ஸ்டவுன். அடுக்குமாடி வீடுகள் எழுவதற்கு முன்பு, இங்கே போ பே காங் என்ற கம்பமும் காய்கறித் தோட்டங்களும் சீனர் இடுகாடும் இருந்தன.

அக்காலத்தில் நகரின் நடுப்பகுதியில் கடைவீட்டு அறைகளில் பல குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன. அந்த நெரிசலைக் குறைக்க, சிங்கப்பூர் மேம்பாட்டு வாரியம் 1950களில் இங்கு வீடுகளைக் கட்டத் தொடங்கியது. எலிசபெத் அரசியார் முடிசூடிய 1953ஆம் ஆண்டில் நகருக்கு இப்பெயர் சூட்டப்பட்டது. 1956இல் எழுந்த ஃபோர்ஃபார் ஹவுஸ், தீவின் மிக உயரமான குடியிருப்பாக விளங்கியது. அதன் பெயர் பலரின் வாயில் நுழையவில்லை போலும். ஹொக்கியன் மொழியில் 'சாப் சி லாவ்', அதாவது 'பதினான்கு மாடி' என்றே அதை அழைத்தனர்.

1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. கழகம் முதலில் கட்டி முடித்தவை, ஸ்டெர்லிங் சாலையில் உள்ள 45, 48, 49 ஆகிய ஏழு மாடிப் புளோக்குகள். 1964இல் வீட்டு உரிமைத் திட்டம் இந்நகரில்தான் தொடங்கியது. ஈரறை வீட்டின் விலை 4,900 வெள்ளி. மூவறை வீட்டின் விலை 6,200 வெள்ளி. இன்று மிகக் குறைவாகத் தோன்றும் இத்தொகைக்கு முன்பணம் கட்டவே அன்று பலர் திணறினர். 1968இல் மத்திய சேமநிதியைப் பயன்படுத்த அனுமதி கிடைத்த பிறகே, வாடகைக்கு இருந்தோர் பெருமளவில் உரிமையாளர் ஆயினர்.

ஆனால், நிலம் குறைந்த தீவில் பழைய வீடுகள் நெடுங்காலம் நிலைப்பதில்லை. ஃபோர்ஃபார் ஹவுஸ் 1990களில் இடிக்கப்பட்டது. பழைய ஒரு வெள்ளி நோட்டிலேயே இடம்பெற்ற தங்ளின் ஹால்ட் பத்து மாடி வீடுகளும் தப்பவில்லை. இவ்வட்டாரத்தில் 31 புளோக்குகள் மறுமேம்பாட்டுக்குத் தெரிவுசெய்யப்பட்டதாக 2014இல் அறிவிக்கப்பட்டது. இடம் மாறியவை வீடுகள் மட்டுமல்ல. 1932இல் ரயில்வே தொழிலாளர்கள் குவீன்ஸ்வே அருகே எழுப்பிய முனீஸ்வரன் ஆலயமும், 1998இல் காமன்வெல்த் டிரைவில் புதிதாகக் குடமுழுக்குக் கண்டது.

தங்ளின் ஹால்ட் குடியிருப்பாளர்களுக்கு இழப்பீட்டுடன், அருகிலுள்ள டாசன் வட்டாரத்தில் 99 ஆண்டுக் குத்தகையில் புதிய வீடு வாங்கும் வாய்ப்பும் தரப்பட்டது. இது நல்ல ஏற்பாடுதான். எனினும், தாழ்வாரத்தில் நின்றபடியே பேசிப் பழகிய முதியவருக்குப் புதிய வீட்டின் பரப்பளவை விட, அடுத்த வீட்டில் யார் இருப்பார் என்பதே பெரிய கேள்வி. அதனால்தான், பழைய அண்டை வீட்டார் சேர்ந்து விண்ணப்பித்து, அருகருகே வீடு தேர்ந்தெடுக்கவும் கழகம் வழிசெய்தது.