கொச்சியின் உவர்மண்ணில் பருப்புக்கீரை

மட்டாஞ்சேரியின் பழைய பண்டகசாலைச் சுவரோரங்களிலும் நடைபாதைக் கல்லிடுக்குகளிலும், செந்நிறத் தண்டும் தடித்த சிற்றிலையும் கொண்டு தரையோடு படரும் செடியொன்றைக் காணலாம். நாம் பருப்புக்கீரை என்பதை மலையாளிகள் கொழுப்பச்சீரை என்பர். மராத்தியில் அது கோள், குஜராத்தியில் லூணி. உப்பைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்த பெயர் இது. பன்மொழியினர் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் இவ்வூரில், ஒரு செடிக்குப் பல பெயர்கள் வழங்குவது வியப்பன்று.

உள்ளூர்த் தாவர அறிவு நூலேறிய இடமும் கொச்சியே. டச்சு ஆளுநர் வான் ரீட், இட்டி அச்சுதன் என்னும் வைத்தியரையும் ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் ஆகிய கொங்கணி அறிஞர்களையும் துணைக்கொண்டு தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. பருப்புக்கீரைக்கு இன்றைய அறிவியற் பெயரான ‘போர்ட்டுலாக்கா ஒலரேசியா’வை 1753-இல் லின்னேயஸ் அளித்தார்.

இச்செடியின் உண்மையான சிறப்பு அதன் இலைக்குள் உள்ளது. கரும்பும் மக்காச்சோளமும் கடும் வெயிலில் விரைந்து உணவு தயாரிக்கும் முறையை உடையவை. கள்ளியோ இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை ஏற்று, அமிலமாகச் சேமித்து, பகலில் துளைகளை மூடியபடியே அதனைப் பயன்படுத்தி நீரைக் காக்கிறது. பருப்புக்கீரை நீருள்ள காலத்தில் கரும்பின் வழியைக் கைக்கொள்கிறது. வறட்சியில் கள்ளியின் வழியையும் சேர்த்துக்கொள்கிறது. இவ்விரண்டும் ஒரே உயிரணுக்களிலேயே நிகழ்வதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்டனர். வறண்ட நாளில் காலையில் பறித்த கீரை மாலையில் பறித்ததைவிடப் புளிப்பதற்கு, இரவில் சேர்ந்த அந்த அமிலமே காரணம். வறட்சி தாங்கும் பயிர்களை உருவாக்க முயல்வோர் இக்களையை ஆராய்வதன் காரணமும் இதுவே.

உவர்நிலத்தையும் இச்செடி ஓரளவு தாங்கும். காயலின் வேலியேற்றம் வீட்டு முற்றம்வரை புகும் மேற்குக் கொச்சிக்கு இது சிறிய செய்தியன்று. கேரளம் தன் காய்கறித் தேவையில் பெரும்பகுதிக்குத் தமிழகத்தையும் கருநாடகத்தையும் எதிர்நோக்குகிறது. அவ்வாறிருக்க, கீரையில் அரிதான ஒமேகா-3 கொழுப்பு அமிலம் நிறைந்த இச்செடி களையெனப் பிடுங்கி எறியப்படுகிறது. வீட்டுக்கெனப் பறித்துண்ணும் பொருளும் கொள்கையளவில் நாட்டு வருமானத்தில் சேரவேண்டியதே. நடைமுறையில் அதனை எண்ணுவார் இலர். பொருளியல் பயின்ற எமக்கும் சந்தை விலையில்லாதது எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை.

எனினும் எச்சரிக்கை வேண்டும். சாக்கடையோரச் செடி மண்ணிலுள்ள நச்சு உலோகங்களை உறிஞ்சக்கூடும், அதனை உண்ணலாகாது. ஆக்சலேட் மிகுந்திருப்பதால் சிறுநீரகக் கல் உடையோர் தவிர்ப்பது நலம். தண்டை ஒடித்தால் பால் வடியும் செடி பருப்புக்கீரை அன்று.

இக்குடும்பத்தில் முன்பு வைக்கப்பட்டிருந்த சாம்பார்ச்சீரையை வகைப்பாட்டாளர்கள் இப்பொழுது தனிக்குடும்பமாகப் பிரித்துவிட்டனர். தென்னமெரிக்காவிலிருந்து வந்த பத்துமணிப்பூ மட்டும் உறவில் நிலைத்துள்ளது. சிறு துண்டு தண்டை நட்டாலே வேர்விடுவதால், கேரளப் பெண்கள் பலர் அதன் தண்டுகளை விற்று வருவாய் ஈட்டுகின்றனர். அதே முற்றத்தில் அதன் உறவான கீரைக்கு ஒரு தொட்டி ஒதுக்குவதற்குச் செலவு ஏதுமில்லை. வெயில் படும் இடம் ஒன்றே போதும்.