விதைக்கு விலக்கு

1969-ல் ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் படகு வீடு ஒன்றில் கேஸ் ஹூக்கர்ட், ராபர்ட் யாஸ்பர் குரோட்வெல்ட் என்ற இருவர் பட்டப்பகலில் கஞ்சா நாற்று விற்றார்கள். அவர்களைப் பிடித்து உள்ளே போடச் சட்டத்தில் இடமில்லை. அன்றைய டச்சு அபின் சட்டம் தடை செய்திருந்தது செடியின் காய்ந்த பூநுனியை மட்டும்தான். பச்சையாக நிற்கும்வரை அது துளசி மாதிரி ஒரு தொட்டிச்செடி.

1976-ல் சட்டம் திருத்தப்பட்டது. கஞ்சா, ஹெராயினிலிருந்து பிரித்து 'மென்போதை' வகையில் வைக்கப்பட்டது. 30 கிராம் வரை கையில் வைத்திருந்தால் கண்டும் காணாமல் விட்டார்கள். 'காபி ஷாப்' என்ற பெயரில் கடைகள் பெருகின. விற்கலாம், ஆனால் விற்பதற்கான சரக்கை யாரும் பயிரிடக் கூடாது! டச்சுக்காரர்களே இதைப் 'பின்கதவுப் பிரச்சினை' என்று சொல்லித் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். இந்தக் குளறுபடிக்கு நடுவே ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. விதைக்குத் தடை இல்லை.

விதைக்குத் தடை இல்லை என்றதும் விதைக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் பலர் டச்சுக்காரர்களே அல்ல. கலிபோர்னியாவில் 'சேக்ரட் சீட்ஸ்' என்ற பெயரில் இயங்கிய டேவிட் வாட்சன் 1980-களின் தொடக்கத்தில் பெட்டி நிறைய விதையோடு வந்து இறங்கினார். அதில் இருந்ததுதான் 'ஸ்கங்க் நம்பர் 1'. ஆஸ்திரேலியாவில் பிறந்த நெவில் ஸ்கோன்மேக்கர்ஸ் 1984-ல் 'தி சீட் பேங்க்' தொடங்கி, அமெரிக்கப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துத் தபாலில் விதை அனுப்பினார். ராட்டர்டாம்காரரான பென் டிரோங்கர்ஸ் 'சென்சி' விதை நிறுவனத்தை நடத்தினார். பின்னால் நெவிலின் நிறுவனமும் அவர் கைக்கே வந்தது.

இவர்கள் முன்னால் இருந்தது முழுக்க முழுக்க வேளாண் பிரச்சினை. கஞ்சா, நம் சாமந்தியைப் போல, பகல் குறையும்போது பூக்கும் செடி. கொலம்பியா, தாய்லாந்து, கேரளம் போன்ற வெப்ப மண்டல ரகங்கள் பூத்து முற்ற மூன்று மாதம்கூட எடுக்கும். பூமத்திய ரேகைக்கு 52 பாகை வடக்கே இருக்கும் ஹாலந்தில் அதற்குள் அக்டோபர் மழை வந்து பூவெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும். ஆப்கானிஸ்தானத்து மலை ரகமோ குட்டை, அடர்த்தி, எட்டு வாரத்தில் தயார். ஸ்கங்க் என்பது கொலம்பிய, மெக்சிக ரகங்களில் ஆப்கான் ரத்தத்தைக் கலந்த கலப்பு. உயரம் குறைந்தது, நாள் குறைந்தது, விளக்கு போட்ட அறைக்குள்ளும் அடங்கியது. பசுமைக்குடிலில் தக்காளி வளர்த்துப் பழகிய நாட்டுக்கு மீதி எளிது.

பப்பாளி, பனை போலக் கஞ்சாவிலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. போதை இருப்பது பெண் பூவில். கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் மெல்லிய காம்பின் நுனியில் கண்ணாடி மணி ஒட்டியது போல் பிசின் சுரப்பிகள் தெரியும். ஒவ்வொன்றின் தலையும் மில்லிமீட்டரில் சுமார் பத்தில் ஒரு பங்கு. மகரந்தம் பட்டுவிட்டால் செடியின் கவனம் விதைக்குப் போய்விடும். அதனால் ஆண் செடியைக் கண்டதும் பிடுங்குவார்கள். இது கலிபோர்னியக் கண்டுபிடிப்பு என்று எழுதுகிறவர்கள் உண்டு. வங்கத்தில் ராஜசாகிப் பக்கம் ஆண் செடியை அடையாளம் காணவே தனி ஆட்கள் இருந்ததை 1893-94-ல் அமைந்த இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம் பதிவு செய்திருக்கிறது.

ஆனால் விதை எடுக்கிறவனுக்கு ஆண் செடி வேண்டும். பூப் பிசின் இல்லாத ஆணில் எது உயர்ந்தது என்று எப்படித் தெரியும்? பொலிகாளை பால் கறப்பதில்லை. அதன் கிடாரிகள் கறப்பதை வைத்துத்தான் காளையை மதிக்கிறோம். இங்கேயும் அதே கணக்குதான். ஒரு ஆணின் மகரந்தத்தைத் தூரிகையால் பெண் செடியின் ஒரு கிளையில் மட்டும் தடவி, விதையெடுத்து, முளைக்க வைத்து, மகள்களைப் பார்க்க வேண்டும். 1990-களில் வேறொரு வழியும் வந்தது. வெள்ளிக் கரைசல் தெளித்தால், பெண் பூவைத் தூண்டும் எத்திலீன் வேலை செய்யாது. பெண் செடியே ஆண் பூ பூக்கும். அந்த மகரந்தத்தில் ஒய் குரோமோசோம் கிடையாது. ஆகவே பிறப்பதெல்லாம் பெண்.

விளைவு வீரியத்தில் தெரிந்தது. உள்ளூரில் விளைந்த டச்சுக் கஞ்சாவில், போதை தரும் வேதிப்பொருளான டிஎச்சியின் சராசரி அளவு 2000-ல் 8.6 சதவீதம், 2004-ல் 20.4 சதவீதம் என்கிறது அந்நாட்டின் டிரிம்போஸ் நிறுவனத்தின் அளவீடு. இதைச் சாதனை என்று கைதட்ட என்னால் முடியவில்லை. போதை ஏற ஏற மனநோய் ஆபத்தும் ஏறுகிறது என்பது மருத்துவ உலகம் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி.

உருப்படியான வேலையும் நடந்தது. வாட்சனும் தாவரவியலாளர் ராபர்ட் கிளார்க்கும் அரசு உரிமத்தோடு 'ஹோர்ட்டாஃபார்ம்' நிறுவனத்தை நடத்தினார்கள். அங்கே பணியாற்றிய எட்டியன் டி மெய்ஜர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு, போதை தரும் டிஎச்சிக்கும் போதை தராத சிபிடிக்கும் இடையிலான தேர்வு ஒரே மரபணு இருக்கையில் நடக்கிறது என்று காட்டியது. இரு வகைச் செடிகளையும் கலந்தால் முதல் தலைமுறையில் இரண்டு பொருளும் இருக்கும். அடுத்த தலைமுறையில் 1:2:1 என்று பிரியும். மெண்டலின் பட்டாணிக் கணக்கேதான். மறந்துபோன மெண்டலை 1900-ல் மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், அதே ஆம்ஸ்டர்டாமின் பேராசிரியர் ஹியூகோ டி விரீஸ். ஹோர்ட்டாஃபார்ம் செடிகள் பிரிட்டனின் ஜிடபிள்யூ நிறுவனத்துக்குப் போயின. அந்த நிறுவனம் தயாரித்த சிபிடி மருந்தான எபிடியோலெக்ஸை, குழந்தைகளின் கடும் வலிப்பு நோய்களுக்கு 2018-ல் அமெரிக்கா அனுமதித்தது.

விதைக் கடைகளின் வம்சாவளிக் கதைகளை மட்டும் நம்பாதீர்கள். பதிவேடு வைத்தால் வழக்குக்குச் சாட்சியாகிவிடும் என்ற தொழிலில் எல்லாம் வாய்வழிதான். 2015-ல் கனடா ஆய்வாளர்கள் 81 போதைக் கஞ்சா மாதிரிகளின் மரபணுவைப் படித்தார்கள். ஒரே பெயர் கொண்ட மாதிரிகளை ஒப்பிட்ட 17 இடங்களில் ஆறில், அதே பெயர்க்காரரைவிட வேறு பெயர்க்காரரே நெருங்கிய உறவாக இருந்தார். 1990-களில் பரிசு வாங்கிய 'ஒயிட் விடோ'வின் தந்தை வழி கேரள மலைகளிலிருந்து வந்தது என்று விதைக்காரர்கள் சொல்கிறார்கள். அதை உருவாக்கியது யார் என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை. மலையில் தலைமுறை தலைமுறையாக நல்ல செடி பார்த்து விதை பிடித்த குடியானவன் பெயர் எந்த விலைப்பட்டியலிலும் இல்லை. இன்று மொராக்கோவின் ரிஃப் மலைகளில், ஐரோப்பியக் கலப்பு ரகங்கள் நாட்டு ரகமான 'பெல்தியா'வை வயலிலிருந்து தள்ளிக்கொண்டிருக்கின்றன.

பின்கதவுக்கு வருவோம். 2023 டிசம்பரில் பிரேடா, டில்பர்க் நகரங்களில், உரிமம் பெற்ற பண்ணைகளின் சரக்கை காபி ஷாப்களில் விற்கும் சோதனை தொடங்கியது. நாற்று விற்ற படகு வீட்டுக்கு அப்போது 54 வயது.

தபாலில் விதை வருமாமே என்று கேட்கும் வாசகருக்கு ஒரு வார்த்தை. இந்தியாவின் 1985 சட்டத்திலும் கஞ்சாவுக்கான விளக்கத்தில் பூநுனியோடு சேராத விதைக்கு விலக்கு உண்டு. அந்த விதையைத் தொட்டியில் ஊன்றினால் அது சாகுபடி; பத்தாண்டு வரை கடுங்காவல்.