சூரியப் புள்ளிகள் சொல்லும் கணக்கு

சூரியன் நமக்கு வெறும் ஒளி வட்டமாகத் தெரிகிறது. ஆனால் அதிலும் கரும்புள்ளிகள் உண்டு. அவற்றைச் சூரியப் புள்ளிகள் என்கிறோம்.

அவை ஏன் கருப்பாக இருக்கின்றன? சூரியனின் மேற்பரப்பில் சுமார் 5,500 டிகிரி வெப்பம் இருக்கிறது. புள்ளி உள்ள இடத்தில் காந்த சக்தி மிக அதிகம். அது உள்ளேயிருந்து வெப்பம் மேலே வருவதைத் தடுக்கிறது. அதனால் அங்கே சூடு குறைவு. சுற்றிலும் ஒளி அதிகம் என்பதால் அந்த இடம் கருப்பாகத் தெரிகிறது. பெரிய புள்ளி ஒன்றில் நம் பூமியையே வைத்துவிடலாம்!

எண்ணிப் பார்த்தவர்

ஜெர்மனி நாட்டில் டெஸ்ஸாவ் என்று ஓர் ஊர். அங்கே ஷ்வாபே என்பவர் மருந்துக்கடை வைத்திருந்தார். சூரியனுக்கு மிக அருகில் புதிய கோள் ஏதாவது சுற்றுகிறதா என்று அவர் தேடினார். 1826 முதல் 1843 வரை, வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைக் கவனித்தார். கண்ட புள்ளிகளைக் குறித்து வைத்தார்.

கோள் கிடைக்கவில்லை. ஆனால் வேறொரு உண்மை கிடைத்தது. புள்ளிகள் சில ஆண்டுகள் பெருகுகின்றன. பிறகு குறைகின்றன. மறுபடியும் பெருகுகின்றன.

பிறகு சுவிட்சர்லாந்தில் வோல்ஃப் என்ற அறிஞர் பழைய குறிப்புகளைத் தேடித் திரட்டினார். ஒரு சுற்றுக்குச் சராசரியாக 11 ஆண்டு ஆகிறது என்று கண்டார். 1755-இல் தொடங்கியதை முதல் சுற்றாக வைத்து எண்ணுகிறார்கள். 25-ஆவது சுற்று 2019 டிசம்பரில் தொடங்கியது.

நம் நாட்டிலும் இந்தப் பணி நடக்கிறது. கொடைக்கானல் மலையில் உள்ள வானாய்வுக் கூடத்தில் 1904 முதல் சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள்.

இதனால் நமக்கு என்ன?

புள்ளிகள் பெருகும்போது சூரியனில் வெடிப்புகளும் பெருகும். அவற்றின் வேகம் சில சமயம் பூமியையும் தாக்கும். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாநிலம் இருளில் மூழ்கியது. சுமார் 60 லட்சம் பேருக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லை. செயற்கைக்கோள்களும் இதனால் கெட்டுப்போகலாம். தொலைபேசி, வானிலைச் செய்தி, கப்பலுக்கு வழிகாட்டுதல் என்று பலவும் செயற்கைக்கோள்களை நம்பியிருக்கின்றன. முன்கூட்டியே தெரிந்தால் தயாராக இருக்கலாம்.

எப்படிக் கணிக்கிறார்கள்?

ஐப்பசியில் அடைமழை என்று நமக்குத் தெரியும். ஆனால் இந்த ஐப்பசியில் எவ்வளவு பெய்யும்? அதைச் சொல்வது கடினம். சூரியனும் அப்படித்தான். அடுத்த சுற்று எப்போது வரும் என்று ஓரளவு சொல்லலாம். அது எவ்வளவு வலுவாக இருக்கும் என்று சொல்வதுதான் கடினம்.

புள்ளிகள் மிகக் குறைந்திருக்கும் காலத்தில், சூரியனின் இரு துருவங்களிலும் உள்ள காந்த சக்தியை அளக்கிறார்கள். அது வலுவாக இருந்தால் அடுத்த சுற்றும் வலுவாக இருக்கும் என்பது கணிப்பு. பழைய சுற்றுகளின் கணக்கோடு இதையும் ஒப்பிடுகிறார்கள்.

அப்படியும் கணிப்பு தவறுவது உண்டு. 25-ஆவது சுற்றை நிபுணர் குழு ஒன்று 2019-இல் கணித்தது. புள்ளிகளையும் புள்ளிக் கூட்டங்களையும் சேர்த்துக் கணக்கிடும் எண் ஒன்று உண்டு. அந்த எண் 2025 ஜூலையில் 115 என்ற உச்சத்தைத் தொடும் என்றார்கள். ஆனால் உச்சம் 2024 அக்டோபரிலேயே வந்துவிட்டது. எண்ணும் 160-ஐத் தொட்டது. காலம் ஏறக்குறையச் சரி. வலுதான் தவறிப்போனது.

தவறு எங்கே என்று எப்படித் தெரிந்தது? தினமும் பார்த்து எழுதி வைத்ததால் தெரிந்தது. அந்தக் கணக்கை வைத்தே அடுத்த கணிப்பைத் திருத்துவார்கள்.

எச்சரிக்கை: சூரியனை வெறும் கண்ணால் உற்றுப் பார்க்காதீர்கள். தொலைநோக்கி வழியாக நேரே பார்க்கவே கூடாது. கண் பார்வை போய்விடும்.